அந்தப் பானை நெறஞ்சதா எங்கயும் எழுதல

அன்பு மகளுக்கு அம்மா எழுதுதேன். கர்த்தருடைய கிருபை உன்கூட இருக்கட்டும்.

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், அப்பாவும் கேட்டாவ. போன்ல பேசலாம்னா நீ டாக்டரா இருக்க மிஷன் ஆஸ்பத்திரி பக்கம் டவர் நிக்கவே மாட்டேங்கு, அதான் ராத்திரி எல்லா வேலையும் முடிச்சிட்டு உக்காந்து டைப் பண்ணுதேன், எழுத்துப் பிழை எல்லாம் பாக்காத. இத்தன வருஷம் வேல பாக்கேன்னு எழுதிக் குடுத்த பாண்ட் முடிஞ்சாலும் அங்கயே இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கலாம்னு தோணுதுன்னு சொன்ன, சரி. அதுக்கப்புறம் "சாரிம்மா, என் படிப்புக்காகத்தான தேரிப் பக்கம் இருந்த விளை நெலத்த வித்தீங்க, நான் உங்களுக்கு ஒண்ணுமே செய்யலையே"ன்னு அழுத பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல.

பைபிள்ல 2 சாமுவேல் கடைசி அதிகாரத்த எடுத்து வாசி. பலிபீடம் கட்ட தாவீது ராஜா எடம் கேட்டுப் போறாரு, அர்வனா போரடிக்குத களத்தையும் மாட்டையும் விறகையும் சும்மாவே எடுத்துக்கோங்க ராஜான்னு சொல்லுதான், தாவீது கேக்கல, ஓசியில வாங்கி என் ஆண்டவருக்கு பலி போடமாட்டேன்னுட்டு 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் குடுத்துத்தான் வாங்குதாரு. எங்களுக்கு அந்த விளை அப்படித்தான் பிள்ள. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து அப்பா சட்டையக் கழத்தி ஆணில மாட்டிட்டு "சோறு இருக்கா"ன்னு கேட்டாவ, அம்புட்டுதான் பேச்சு. நீ இப்ப சாரி சொன்னா நாங்க போட்ட காணிக்கைய தட்டுல இருந்து எடுத்து எங்க கையிலயே திருப்பித் திணிக்கமாதிரி இருக்கு. இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

சொந்தக்காரங்க கேக்கத்தான் செய்யுதாவ. "இவ்ளோ செஞ்சீங்களே, ஆண்டவர் என்னத்தத் திருப்பித் தந்தாரு, இன்னும் அதே ஓட்டு வீடுதான"ன்னு ஒரு கல்யாண வீட்டுல என் முகத்துக்கு நேராவே கேட்டாவ. அவங்கள சொல்லிக் குத்தமில்ல, பிரசங்கமே இப்ப அப்படித்தான வருது. ஒரு கன்வென்ஷன்ல, பேரு வேண்டாம், ஒருத்தர் மைக்கப் பிடிச்சு ஆயிரம் விதைச்சா லட்சமா அறுப்பீங்கன்னு கத்துதாரு, ஜனம் கவரக் கவரா போடுது. உதாரணத்துக்கு அவர் எடுத்தது சாறிபாத் விதவைய. எனக்கு உக்காரவே முடியல, வீட்டுக்கு வந்து 1 இராஜாக்கள் 17 முழுசும் ரெண்டு தடவ வாசிச்சேன்.

பஞ்சத்துல அந்த விதவைகிட்ட இருந்தது பானையில ஒரு பிடி மாவு, கலசத்துல கொஞ்சம் எண்ணெய். ரெண்டு விறகு பொறுக்கிட்டுப் போய் அவளும் மவனும் கடைசியா சாப்பிட்டுட்டு சாகலாம்னு நிக்கா, எலியா தீர்க்கதரிசி வந்து முதல்ல எனக்கு ஒரு அடை சுட்டுக் கொண்டாங்காரு. குடுக்கா. அப்புறம் பானை நெறஞ்சு வழிஞ்சுதுன்னா எழுதிருக்கு? எங்கயும் இல்ல. மாவு தீரல, எண்ணெய் கொறையல, அம்புட்டுதான் இருக்கு. என் மனசுக்குத் தோணுதது, ஒவ்வொரு நாளும் காலையில அவ பானைக்குள்ள கையவிட்டுத் தொளாவி இன்னைக்கு உண்டும், நாளைக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுத்தான் மாவப் பெசஞ்சிருப்பா. இதுல இன்னொண்ணு, அதுக்கு அடுத்த வசனத்துலயே அவ மவனுக்கு வியாதி வந்து மூச்சு நின்னுபோச்சு. தீர்க்கதரிசிக்கு சோறு போட்ட வீட்டுலதான் நடக்கு. எலியா ஜெபம் பண்ணி உயிர் வந்துச்சு, அது வேற விஷயம், ஆனா குடுத்தவ வீட்டுக்குக் கஷ்டம் வராதுன்னு சொல்லுதவங்க அந்த வசனத்த மட்டும் தாண்டிருதாவ.

ஆச்சி அடுப்புக்குப் பக்கத்துல ஒரு டால்டா டப்பா வச்சிருந்தாவள்ளா, உனக்கு ஞாபகம் இருக்கும். உலைக்கு அரிசிய அளந்ததும் அதுலயே ஒரு பிடி எடுத்து டப்பாவுல போட்டுட்டுத்தான் களைவாவ, ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ரேஷன் அரிசி வாங்கி ஓட்டுன காலத்துலயும் அந்தப் பிடி நிக்கல. நான் புதுசா கட்டி வந்தப்ப, இருக்கதே பத்தல இதுல இது வேறயான்னு மனசுக்குள்ள நெனைப்பேன். ஆனா இல்லாதப்பவும் குடுக்கது இங்க பழசுதான். நம்ம ஊருக்குப் பக்கத்துல வெள்ளாளன்விளையில பொறந்த அசரியாவும் மத்தவங்களும் சேந்து 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டிய ஆரம்பிச்சப்ப, நம்ம ஆளு, நம்ம பணம், நம்ம நிர்வாகம்னுதான் ஆரம்பிச்சாவ. அப்ப இங்க பணம் எங்க கெடந்துச்சு, பனையேறிக் குடும்பங்கதான் பாதிப் பேரு. அப்படி இருந்தும் தெலுங்கு பேசுத டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினாவ, 1909ல அசரியாவே கெளம்பிப் போனாரு, தெலுங்கு படிச்சு அங்கயே இருந்து, 1912ல ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பிஷப் ஆனாரு. இங்க இருந்து குடுத்த வீட்டுல எல்லாம் மாடியா எழும்பிருச்சு? அதே ஓட்டு வீடுதான், அங்க தெலுங்கு நாட்டுல ஒரு சபை எழும்பிட்டு. டோனாவூர்ல, அயர்லாந்துல இருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல விழுந்ததுல இருந்து 1951ல சாகுத வரைக்கும் பெரும்பாலும் படுக்கையிலதான், சொந்த ஊருக்கு ஒருதரம் கூடத் திரும்பிப் போகல, அத இங்க வச்சு நீட்டி சொல்லல, ஸ்கூல் டூர் போனப்ப நீயே பாத்துட்டு வந்த.

என் கதையையும் கேட்ட, ஆச்சிக்காக வேலைய விட்டது வருத்தமா இல்லையாம்மான்னு. வருத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய். கூட வேல பாத்த டீச்சர் எல்லாம் எச்எம் ஆகி பென்ஷன் வாங்குதாவ. ஆச்சி ஸ்ட்ரோக் வந்து படுத்தப்புறம் ராத்திரியும் எந்திச்சு பெரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா இடுப்புல புண்ணு வந்துரும், டாக்டருக்கு நான் சொல்லணுமா. கஞ்சிய ஸ்பூன்ல கொண்டுபோனா பல்லக் கடிச்சுக்கிட்டு வாயத் தொறக்கமாட்டாவ, எனக்குக் கோவம் வந்து அடுக்களையில போய் நின்னு அழுதுட்டு வருவேன். அப்படி ஒரு நாள் பாதிக் கஞ்சி என் சேலையிலயே கொட்டிட்டு, நான் ஒண்ணும் பேசாம தொடச்சிட்டிருக்கேன், என் பேரு கூட மறந்துபோன மனுஷி சரியா அசையாத வாய வச்சிக்கிட்டு "நீ சாப்ட்டியாட்டி"ன்னு கேட்டாவ. அந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அந்தக் கேள்விய எங்கிட்ட அவங்க கேட்டதே இல்ல. அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல, மறுநாளும் பல்லக் கடிச்சாவ. ஆனா அந்த வார்த்த எனக்கு எத்தனையோ நாளைக்குப் போதுமானதா இருந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் தீரல. பென்ஷன்காரங்ககிட்ட இது இல்லைன்னு சொல்ல வரல, எனக்கு இது கெடச்சுதுன்னுதான் சொல்லுதேன்.

அதனால நீ அங்க இருக்கதுன்னா, இருந்தா பின்னால ஆண்டவர் பெருசா ஏதோ தருவாருன்னு இருக்காத, எங்க கடன அடைக்கணும்னும் இருக்காத. மேற்படிப்பு படிக்கணும்னு ஆசை வந்தா கெளம்பி வா, யாரும் உன்னைய ஆண்டவருக்குன்னு நேந்து பொருத்தனை பண்ணிக் கட்டிப்போடல, உன் ஃபிரண்டு பெரிய ஆஸ்பத்திரியில இருக்கதால அவ ஊழியம் பண்ணலைன்னும் கிடையாது. அன்னைக்கு பிரசவத்துல தாயும் பிள்ளையும் பொழச்ச கதைய சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன், நைட் டூட்டி முடிஞ்சு சாப்பிடாம அப்படியே ஓபிக்குப் போறேன்னு சொன்ன பாரு, அது தியாகம் இல்ல, அறிவு கெட்டத்தனம். ஊழியம்னு அதுக்கும் ஒரு பேரு வச்சிக்கிட்டு உடம்பக் கெடுத்துக்காத, எலியாவையே தூதன் தட்டி எழுப்பி முதல்ல சாப்பிடச் சொன்னாரு, 1 இராஜாக்கள் 19லதான் இருக்கு.

முதலூர் மஸ்கோத் அல்வாவும் கருப்பட்டியும் ஒரு பார்சல் போட்டிருக்கேன், கருப்பட்டி ஒழுகாம பனையோலப் பெட்டியில வச்சு மேல பிளாஸ்டிக் சுத்தியிருக்கு. கிறிஸ்மஸுக்கு லீவு உண்டுமா இல்லையான்னு மேட்ரன்கிட்டயோ சூப்பரண்டுகிட்டயோ கேட்டு உடனே சொல்லு, ரயில் டிக்கெட்டு இப்ப 60 நாளைக்கு முன்னதான் போட முடியும்ங்காவ, அப்பா தெனமும் காலண்டரப் பாத்துக்கிட்டே இருக்காவ.

அம்மா