ஊஞ்சற்பாவை அச்சுக்குக் கொடுக்குமுன் பாடிப்பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருவிழாக் காலம் வந்தால் கோயில்கள் வெளியிடும் சிறப்பு மலர்களுக்குக் குறைவில்லை. சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடவென்று புதிதாக எழுதிய ஊஞ்சற்பாவும், பதிகமும் அவற்றில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பக்தியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவற்றிற் பலவற்றை வாசிக்கலாம், பாட முடியாது. வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் அச்சுக்குப் போவதே காரணம்.

ஊஞ்சற்பா பெரும்பாலும் எண்சீர் விருத்தத்தில் அமைவது. பரவலாக வழங்கும் அமைப்பில் அரையடிக்கு நான்கு சீர்: காய், காய், மா, தேமா. விளக்கத்துக்காக ஓர் அடியைக் கட்டிப் பார்ப்போம்:

மீன்பாடும் வாவியிலே நிலவு வீச
மேனியெலாம் நீறணிந்த விமல தேவே

இரண்டு வரியும் சேர்ந்தே ஓரடி. சீர் என்பது அடியின் ஒரு கூறு: இங்கே ‘மீன்பாடும்’, ‘வாவியிலே’ காய்; ‘நிலவு’ மா; ‘வீச’ தேமா. முதற்சீரின் ‘மீ’யும் ஐந்தாம் சீரின் ‘மே’யும் மோனை, அதாவது முதலெழுத்து ஒலி இணைவது. இங்கே ‘நிலவு வீச’ என்பது போதாதென்று ‘நிலவொளி வீசிட’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் மா நிற்க வேண்டிய இரண்டு இடத்திலும் அதைவிட நீண்டொலிக்கும் விளச்சீர் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊஞ்சலை ஆட்டுகிறவர் கை ஒரு பக்கம் போக, பாடுகிறவர் வாய் இன்னும் சொல்லை முடிக்காமல் ஓடும். ‘வீச’, ‘பாட’, ‘ஆட’ என்று முடிய வேண்டியதையெல்லாம் ‘வீசிட’, ‘பாடிட’, ‘ஆடிட’ என்று இழுப்பது இப்போது பெருவழக்காகிவிட்டது. அதை விட்டாலே பாதிப் பிழை போய்விடும். ‘ஆடீர் ஊஞ்சல்’ என்ற முடிப்பே மா, தேமா என்றுதான் அமைந்திருக்கிறது. பழைய புலவர்கள் அதை அளந்துதான் வைத்தார்கள்.

எதுகையிலும் கவனம் வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தும் அளவொத்து நிற்க வேண்டும். ‘மீன்’ என்று தொடங்கினால் அடுத்த அடிகளுக்குத் ‘தேன்’, ‘வான்’, ‘மான்’ பொருந்தும். ‘பொன்’ பொருந்தாது, அது குறில்.

இன்னொரு பிழை எழுதியவருடையது அல்ல, மலர்க்குழுவினுடையது. எல்லாருக்கும் விளங்கட்டும் என்று சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள். ‘நீறணிந்த’ ஒரு சீர்; ‘நீறு அணிந்த’ என்றால் இரண்டு. அடிக்கு எட்டுச் சீர் என்பது ஒன்பதாகிவிடும். பாடலைப் புலவர் எழுதியபடியே விட்டு, பிரித்த வடிவத்தை அடியில் சிறிய எழுத்தில் கொடுங்கள்.

எளிய சொல்லால் நுட்பம் குறையும் என்று அஞ்சுகிறவர்கள், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் மூன்று மலர்ப் பாடலைப் பார்க்கட்டும். ஒவ்வொரு பாட்டிலும் பூக்களைக் காட்டி இதுவோ, அதுவோ என்று கேட்டுவிட்டு, இறைவன் வேண்டுவது வேறு என்கிறார். உள்ளம் கமலம், கூப்பிய கை காந்தள், கண் நெய்தல். அகராதி தேட வேண்டிய சொல் அநேகமாக இல்லை. கேள்வியால் ஏங்க வைத்து, விடையைக் கடைசிக்கு வைத்ததுதான் நுட்பம்.

பிரசங்கத்திலோ அந்தக் ‘கடைசிக்கு வைத்தல்’ ஆபத்து. தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இறைவன் தந்த மன்னா என்ற உணவைப் பற்றிய வேதாகமக் கதையையே பாருங்கள்: ‘நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்து, மன்னாவை உண்டு, அப்போதும் முறுமுறுத்த மக்களை...’ யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிவதற்குள் கேட்பவருக்கு முற்பாதி மறந்துவிடும். ‘மக்கள் நாற்பது ஆண்டு அலைந்தார்கள். மன்னா கிடைத்தது. தின்றார்கள். அப்போதும் முறுமுறுத்தார்கள்.’ இப்படிச் சொன்னால் பின்வரிசையில் இருக்கும் கிழவிக்கும் போய்ச் சேரும். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நிகழ்த்துகிறவருக்கும் இதுவே பொருந்தும்: அறபு வசனத்தை ஓதியதும் அதன் பொருள் ஒரு சிறு வாக்கியத்தில் உடனே வர வேண்டும், விரிவுரை அதற்குப் பிறகு. கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குற்றம். பிரசங்கத்தில் அது தேவை, ஏனென்றால் காதுக்குப் பக்கத்தைப் பின்னால் புரட்ட முடியாது. இந்தக் கலை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல. 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கிய ஆறுமுக நாவலர், அதற்குமுன் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர்.

மலர்க் கட்டுரைகளைப் பற்றிச் சுருக்கமாக: ‘என்றால் மிகையாகாது’, ‘என்பது மறுக்க முடியாத உண்மை’ என்பவற்றை அடித்துவிட்டு வாசியுங்கள். வாக்கியத்துக்கு ஒரு சேதமும் வராது.

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரைப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. எழுத்தறியாதவருக்கும் பாட்டு எங்கே தட்டுகிறது என்று தெரியும். மலர்க்குழுவினர் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்து, அச்சுக்குப் போகுமுன் புதிய பாடலை ஒருமுறை பாடச் சொல்லட்டும். அவர் மூச்சுத் திணறும் சீரைப் பென்சிலால் வட்டமிட்டு, எழுதியவரிடமே திருப்பிக் கொடுக்கட்டும். தங்கள் பத்திரிகையும் வாசகர் அனுப்பும் பக்திப் பாடல்களுக்கு இந்த முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
கல்முனை.