மொட்டை மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆயிரம் மணி நேரம் கேளுங்கள்

நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்தேன். 'இந்த ஆண்டு நம் பிள்ளைகள் 1000 மணி நேரம் வெளியில்' என்று தலைப்பு, அதன் கீழே ஃபிளாட் எண் வாரியாகப் பொடிப்பொடிக் கட்டங்கள், வெளியில் கழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும், டிசம்பர் கடைசியில் முதலில் வரும் குடும்பத்துக்குப் பரிசு. நல்ல யோசனைதான், கிண்டலுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி, பார்க்கிங் சண்டை, மெயின்டனன்ஸ் பாக்கி தவிர நம் வாட்ஸ்ஆப் குழுவில் வேறெதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை, அங்கே இப்படி ஒரு அறிவிப்பு வந்ததே பெரிய விஷயம். ஆனால் அதே சுவரில், அட்டவணைக்கு ஒரு சாண் தள்ளி, அசோசியேஷனின் பழைய அறிவிப்புகளும் இன்னும் தொங்குகின்றன. மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. புல்லில் கால் வைக்கக் கூடாது. கார் போகும் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. பந்து, எந்த அளவு பந்தாக இருந்தாலும், கூடவே கூடாது. போ என்பதும் நீங்கள்தான், போகாதே என்பதும் நீங்கள்தான். எந்தத் தாளைக் கிழிக்கப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த ஆயிரம் என்ற கணக்கு. இது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்காரரான ஜின்னி யூரிச் என்பவர் தொடங்கிப் பரப்பியது. ஐந்து பிள்ளைகளின் தாய், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துபவர். காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் ஏன் என்று கேட்க அங்கே எந்தப் பள்ளி முதல்வரும் இல்லை. அதோடு, அந்தப் பக்கத்தில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. குளிர்காலத்தில் விட்டதைக் கோடையில் பிடித்துவிடலாம். நாம் பதிவிறக்கி ஒட்டிய அட்டவணையில் ஓரத்தில் ஒரு பனி பொம்மை சிரித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான், யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஆயிரத்தை 365-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் வரும். நம் பிள்ளைகள் காலை ஏழரைக்கு வேன் ஏறி மாலை நாலரைக்கு இறங்குகிறார்கள். யூனிஃபார்ம் மாற்றி, ஒரு டம்ளர் பால் குடித்து, கீழே வந்தால் ஐந்து. நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் மறைவது 5.40-க்கு. ஐந்தரைக்கு டியூஷன். இதில் இரண்டே முக்கால் மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? பிப்ரவரி முடிவதற்குள் பாதிக் குடும்பங்கள் வண்ணம் தீட்டுவதை விட்டுவிடும், மீதிக் குடும்பங்கள் பொய்க்கட்டம் தீட்டும். பரிசு வேறு இருக்கிறதே.

ஆயிரத்தை விட்டுவிடுங்கள். நான் போட்ட கணக்கு இது: பள்ளி நாட்களில் முக்கால் மணி நேரம், சனி ஞாயிறில் இரண்டு மணி நேரம். வருடத்துக்கு ஏறக்குறைய 400 வரும். பள்ளியில் விளையாட்டு பீரியடைக் கணக்கு மிஸ் கடன் வாங்காமல் இருந்தால் அது தனி வரவு. 400 என்று சொன்னால் ஏதோ தோற்றுப்போனது போல இருக்கிறது என்று செயலாளர் சார் நினைக்கலாம், அப்படி இல்லை. சீனாவில் குவாங்சோ நகரத்தில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள், 2015-இல் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் பள்ளி முடிகிற நேரத்தில் நாற்பது நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு, மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். வெறும் நாற்பது நிமிடத்துக்கு இவ்வளவு. தைவான் 2010-லேயே நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விட வேண்டும் என்று பள்ளிகளில் திட்டமாகவே கொண்டுவந்துவிட்டது.

இது ஏன் நம் கட்டடத்துக்கு முக்கியம் என்றால், சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், எத்தனை மூக்குக் கண்ணாடி. செல்போனைத் திட்டித் தீர்க்கிறோம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் என்று ஒன்று இருக்கிறது. டியூப்லைட் போட்ட நம் ஹாலில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான், வெளியில் மர நிழலில் நின்றால்கூடப் பத்தாயிரம் லக்ஸ் அளவுக்குப் போகிறது, நேர் வெயிலில் லட்சம்வரை. கண்ணுக்குள் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதற்கு அந்தப் பகல் வெளிச்சம் உதவுகிறது, கண்விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்து கிட்டப்பார்வை வருவதை அது தடுக்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். ஆகவே பிள்ளை ஓட வேண்டும், காட்டுக்குப் போக வேண்டும், கிரிக்கெட் கோச்சிங் சேர வேண்டும் என்றெல்லாம் இல்லை. வானத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்து காமிக்ஸ் படித்தாலும் அந்த வெளிச்சம் கண்ணில் படும். (ஓடினால் ரொம்ப நல்லது, அது வேறு கதை.)

சும்மா உட்கார நமக்கு இடம் எங்கே இருக்கிறது? மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்குப் பூட்டு. சாவி அலுவலகத்தில், அதை வாங்க ரெஜிஸ்டரில் கையெழுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'டிஷ் ஆன்டெனா ரிப்பேர்' என்று எழுதினால் கொடுப்பார்கள், 'பிள்ளையோடு உட்கார' என்று எழுதினால் மேனேஜரைக் கேட்க வேண்டும் என்பார்கள். சித்திரை வெயிலில் வடாம் பிழிந்து காயவைத்துக் காக்காய் விரட்டப் பிள்ளைகளை உட்காரவைத்த தலைமுறை நாம், நம்முடைய நூறு மணி நேரம் அங்கேயே வந்திருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, கைப்பிடிச் சுவர் ஏ பிளாக்கில் என் இடுப்புக்குக் கீழேதான் வருகிறது, ஏதாவது ஆகிவிட்டால் அசோசியேஷன் தலையில்தான் விழும். அப்படியானால் சுவருக்கு மேல் கம்பி போடுவோம், காலை 6 முதல் 8 வரை, மாலை 4.30 முதல் 6.30 வரை, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று விதி போடுவோம். வருடம் முழுக்கப் பூட்டி வைப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடே இல்லை. பிள்ளைகள் இப்போது லிஃப்ட் மோட்டார் அறைப் பக்கம் ஏறிக் குதிப்பது சிசிடிவியில் உங்களுக்கே தெரியும்.

அப்புறம் அந்தக் 'குழந்தைகள் விளையாட்டுப் பகுதி'. பத்து மணி வெயிலிலேயே அந்தத் தகரச் சறுக்கு கொதிக்கிறது, நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அரை டிராயரோடு உட்கார்ந்துவிட்டு அலறியதை நானே பார்த்தேன், கீழே விரித்திருக்கும் ரப்பர் ஓடு சூட்டில் டயர் கடை வாசனை அடிக்கிறது. அதன் தலைக்கு மேல் ஒரு புங்கை மரம் இருந்தது, வெயில் ஏறும் மாதங்களில் அடியில் பூ கொட்டிப் பொரி இறைத்தது போல வெள்ளையாகக் கிடக்கும். கார் மேல் விழுகிறது, கறை பிடிக்கிறது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள், வெட்டிவிட்டீர்கள். அந்தக் கார்கள் இப்போது உறை போட்டு நிற்கின்றன. உறையை அப்போதே போட்டிருக்கலாம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அட்டவணைக்கு வைத்திருக்கும் பரிசுப் பணத்தில் இந்த ஆடி மழைக்கு நான்கு புங்கங்கன்று வாங்கி நட்டால் பரிசு எல்லா ஃபிளாட்டுக்கும் வரும்.

எந்த மாதம் எவ்வளவு என்பதையும் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி பிரித்துக்கொள்ள வேண்டும். மிச்சிகனில் ஜனவரி ஒன்றாம் தேதி இந்த விரதத்தை ஆரம்பிப்பவர்கள் பனியில் ஆரம்பிக்கிறார்கள், பாவம். நமக்கு மார்கழி, தை, மாசி மூன்றும்தான் வருடத்தின் தங்கமான நாட்கள், வேர்க்காமல் மத்தியானம்கூட வெளியில் நிற்கலாம். 400-இல் முடிந்த அளவு அந்த நாட்களிலேயே வாரிவிட வேண்டும். மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் நடக்கும்போது பதினோரு மணிக்குப் பிள்ளையை வெளியில் நிறுத்திக் கட்டம் தீட்ட வேண்டாம், அது வீம்பு. காலை எட்டுக்கு முன், மாலை கடல் காற்று உள்ளே வந்த பிறகு, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் போக வேண்டியதுதான். இடி இல்லாத தூறலில் நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதினால் எத்தனை பாட்டிகள் என்னைத் தேடி வருவார்கள் என்று தெரியும், பரவாயில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வண்டி ஏற்பாடு செய்யுங்கள், தூரமாகக்கூட வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அந்தஸ்து. நாம் அதைத் தினமும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடக்கிறோம். குளிர்காலத்தில் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடற்கரையில் கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஆமை நடை இருக்கிறது, 1988-லிருந்து நடக்கிறது, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைக்கிறார்கள். அது நடுராத்திரி நடை, கண்ணுக்கு வெளிச்சக் கணக்கில் வராது, ஆனால் மணலில் ஆமை போன தடத்தை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு நீங்கள் பரிசு வைத்து வெளியில் கூப்பிட வேண்டிய அவசியம் அப்புறம் இருக்காது.

இனி அட்டவணையில் இல்லாதவர்கள். பிள்ளைகளுக்கு என்று போட்டீர்கள், சரி. ஆனால் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கீழே வருவதையே நிறுத்திவிடுகிறார்களே, அதைக் கவனித்தீர்களா? 'பெரியவளாயிட்டா, இன்னும் என்ன ஆட்டம்' என்று யாரோ ஒரு அத்தை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் போதும். அசோசியேஷனால் அத்தைகளின் வாயை மூட முடியாது, ஆனால் ஷட்டில் கோர்ட்டில் மாலை ஒரு மணி நேரத்தை அந்த வயதுப் பெண்களுக்கு என்று ஒதுக்கி எழுதிப்போட முடியும். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) மோட்டார் அறைக்குப் பின்னால் போகும் நடைபாதையில் இரண்டு விளக்கு போட முடியும். அந்த இருட்டுக்குப் பயந்துதான் அம்மாக்கள் ஒன்பது மணிக்கு மேல் கார்களுக்கு நடுவே சுற்றிச்சுற்றி நடக்கிறார்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு கணக்குகூட வேண்டாம். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் தகவல் சேகரித்து 2019-இல் வந்த ஆய்வு, பசுமையான இடங்களில் வாரத்துக்கு 120 நிமிடம் கழிப்பவர்கள் உடல்நலத்திலும் மனநிலையிலும் மேலாக இருப்பதாகச் சொன்னார்கள் என்கிறது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் ஒன்றுதானாம்.

நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அவர் பெயரில் ஒரு கட்டம் போட்டிருந்தால் சித்திரை பிறப்பதற்குள் ஆயிரத்தை முடித்துப் பரிசை வாங்கியிருப்பார். அவர் கேட்பது அதற்கு நேர்மாறு, மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட ஒரு நிழல். ஒரு ஷீட் கூரை போட்டுத் தர நான்கு வருடமாகக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் விடுமுறையில் இங்கேதான் விளையாடுகிறார்கள், அவர்களுக்கு ஃபிளாட் எண் இல்லாததால் அட்டவணையிலும் இடம் இல்லை. தயவுசெய்து ஃபிளாட் எண்ணை எடுத்துவிட்டுப் பிள்ளைகளின் பெயரைப் போடுங்கள்.

கடைசியாக, காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டிய திட்டங்களில் பில்டர் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, நம் பில்டரும் கொடுத்தார். அது நம் சொத்து இல்லை, பொதுமக்களுக்கானது. ஆனால் அதன் கேட்டுக்கும் நாம்தான் பூட்டு போட்டிருக்கிறோம், உள்ளே உடைந்த டைல்ஸும் பழைய கம்மோடும் குவிந்து கிடக்கின்றன. வெளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம் என்று போன பொதுக்குழுவில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். வரட்டும் சார். பந்தாட்டத்துக்கு இரண்டு அணி சேர நம் கட்டடத்தில் ஆள் போதாது.

இந்த மாத ஆண்டுப் பொதுக்குழுவில் மொட்டை மாடி நேரம், கைப்பிடிச் சுவர்க் கம்பி, புங்கங்கன்று, நடைபாதை விளக்கு, செக்யூரிட்டி நிழல், ஓ.எஸ்.ஆர். கேட் எல்லாவற்றையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற கடைசி வரியில் அல்ல, பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்திருக்கும்போது. செவ்வாய், வியாழன் காலை மாடியில் இருக்கப் பெரியவர் வேண்டும் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், சனிக்கிழமைக்கு என் எதிர் ஃபிளாட் தாத்தா சரி என்றிருக்கிறார், செய்தித்தாளை அங்கேயே படித்துக்கொள்வாராம். மற்ற நாட்களுக்கு ஆள் பிடிப்பது உங்கள் வேலை.

இப்படிக்கு,
பி பிளாக் மூன்றாம் மாடிக்காரன்
(மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை, சரிபார்த்துக்கொள்ளலாம்)