ஏற்காட்டிலிருந்து சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே நல்ல மழை. மலைப்பாதையில் மண் சரிந்து சில நாள் பஸ் ஓடவில்லை. காப்பிச் செடியில் காய் பிடித்திருக்கிறது, மிளகும் பரவாயில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று ஓர் ஆணை போட்டார்கள். ஆண், பெண் என இரண்டே பால், அது கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது, பெரிய இனப்பெருக்கச் செல்லை உண்டாக்கும் பாலைச் சேர்ந்தவர் பெண், சிறியதை உண்டாக்கும் பாலைச் சேர்ந்தவர் ஆண் என்று அதில் இருக்கிறது. "தெளிவாகத்தானே இருக்கிறது, இதில் என்ன குறை?" என்று எழுதியிருந்தாய். காலமெல்லாம் பிரசவ அறையில் நின்றவள் சொல்கிறேன், அந்தத் தெளிவு காகிதத்தோடு சரி. ஏறக்குறைய ஆறு வாரம் வரை எல்லாக் கருவிலும் பாலுறுப்பின் தொடக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு குரோமோசோம் ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் போவதுண்டு. வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பிறந்த சில பெண்களின் உடல் ஆண் ஹார்மோனை ஏற்பதில்லை. வயிற்றுக்குள் விரை இருக்கும், ஆனால் பெண்ணாகவே வளர்வார்கள். மகள் இன்னும் வயதுக்கு வரவில்லையே என்று தாய் மருத்துவரிடம் அழைத்துப் போகிற அன்றுதான் விஷயம் தெரியும். அந்தப் பெண்ணை இந்த ஆணை எங்கே வைக்கும்?

திருநங்கையர், திருநம்பியருக்கான நம் நாட்டுத் திருநர் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் எழுதியபடி, பிறக்கும்போது பாலுறுப்பிலோ குரோமோசோமிலோ ஹார்மோனிலோ வேறுபாடு காட்டுபவரே இடைபால் வேறுபாடு உடையவர். பதினைந்து வயதில் தெரியவந்தவள் அந்த வரிக்குள் எப்படி வருவாள்? போதாக்குறைக்கு, இவர்களைத் திருநர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்தும்விட்டார்கள். தன்னைப் பெண்ணாகவோ ஆணாகவோ மட்டுமே எண்ணி வாழ்கிறவர்களும் இவர்களில் உண்டு. அவர்களைக் கேட்காமல் பெயர் சூட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பக்கம் அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்குகிறோம். அட்ரினல் சுரப்பியில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்து சேர்ந்தால்தான் அது குழந்தையைத் தாக்கும். அதனால் உறவுத் திருமணத்தில் வாய்ப்பு அதிகம். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆணுடையது போலத் தோன்றலாம். ஆண் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாததால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். உடல் உப்பை இழக்கும் வகையாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி எடுத்து, எடை குறைந்து, உயிரே போய்விடலாம். மருந்தையும் உப்பையும் விடாமல் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட வேண்டியது இதற்குத்தான். உறுப்பின் தோற்றத்துக்காகக் கத்தியை எடுக்க ஓர் அவசரமும் இல்லை.

ஒரு பிரசவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மலைக்கிராமத்துப் பெண், தலைப்பிரசவம். கதவுக்கு வெளியே பழைய வேட்டித் துணியை இரண்டு கையிலும் விரித்தபடி பாட்டி, "என்ன குழந்தை?" என்கிறாள். என் கையில் வீறிட்டு அழும் குழந்தை, பார்த்துச் சொல்ல முடியவில்லை. "நல்லபடியாகப் பிறந்திருக்கிறது, பால் கொடுக்கட்டும்" என்றேன். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டேன். மறுநாளே மேலதிகாரிகள் 'பெண்' என்று எழுதிவிட்டார்கள். பிறகு மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில், பிள்ளைக்கு இரண்டு வயது ஆவதற்குள் அந்தச் சொல்லுக்கு ஏற்ப வெட்டித் தைத்துவிட்டார்கள். இன்று அவன் ஆணாக வாழ்கிறான், சேலத்தில் வேலைக்குப் போகிறான். தழும்பு இறுகி, சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வலி. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா" என்று போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான்.

அதனால்தான் 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பு எனக்கு அவ்வளவு பெரிது. வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றியதுதான். இந்து திருமணச் சட்டத்தின்படி திருநங்கையும் மணமகளே என்று சொன்னவர், அத்தோடு நிற்காமல், இடைபால் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டார். ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. மால்டா நாடு 2015இல் செய்ததை இந்தியாவில் முதலில் செய்தது நம் மாநிலம். இந்த ஆணை ஒவ்வொரு பிரசவ வார்டுச் சுவரிலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. பயந்துபோன தகப்பனுக்கு, காத்திருக்கலாம் என்று யாராவது அங்கேயே சொல்ல வேண்டும்.

இப்போது வக்கீலான உன் மகளிடம் ஓர் உதவி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 15ஆம் பிரிவில் பதிவைத் திருத்த இடமிருக்கிறது. தன் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் வைத்து, என் திண்ணையில் வந்து உட்கார்ந்த அந்தப் பையனுடைய பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடியுமா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டு எழுது. அவள் வழக்குக்காகச் சேலம் வரும் தேதி தெரிந்தால் சொல். அவனையும் அழைத்துக்கொண்டு அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பார்வதி