எங்கட கிழவிக்கு ஆர் குரல் குடுத்தது?

நாவலைப் படமாக்கும் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும்,

வணக்கம்.

உங்கள் முன்னோட்டம் இரண்டு நிமிடம்தான். அதில் போடியார் (பெரிய நிலக்காரர்) வீட்டுக் கிழவிக்கு ஒரேயொரு வசனம். நாவலில் அந்த வசனம் "மறுகா" என்று முடியும்; மட்டக்களப்புப் பேச்சில் "பிறகு" என்று பொருள். முன்னோட்டத்தில் காதில் விழுவது "அப்புறம்". நடித்தவர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்காரி. அவர் "மறுகா" என்றுதான் சொன்னார் என்பதற்குச் சாட்சி தேவையில்லை, வாயைப் பார்த்தால் போதும். மூடிய உதட்டில் தொடங்கி, "கா"வில் வாய் திறந்தபடி நிற்கிறது. "அப்புறம்" திறந்து தொடங்கி மூடி முடிகிற சொல். வாய் திறந்திருக்க ஒலி மூடிக்கொள்கிறது. சென்னையில் குரல் கொடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைப் பொருத்த முடியாது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்த மண்ணின் மாந்தர்களுக்கு இந்த மண்ணின் குரலையே போடுங்கள்.

தள ஒலியைப் பாவிக்க முடியாமல் போனதற்கு நியாயம் இருக்கலாம். வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) காற்று மைக்கில் அடிக்கும், தூரத்தில் உழவு இயந்திரம் இரையும். சரி, டப்பிங்தான் வழி. அப்படியென்றால் தள ஒலியை வழிகாட்டியாக வைத்து, காட்சியைச் சிறு துண்டுகளாக்கி, நடித்தவருக்கே ஹெட்போனில் போட்டுக்காட்டுங்கள். தான் இழுத்த இழுப்பை அவரே திரும்பவும் இழுப்பார். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து வரியைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்குச் சென்னைக்குப் போகத் தேவையில்லை. எதிரொலிக்காத ஓர் அறையும் நல்ல மைக்கும் மட்டக்களப்பிலேயே கிடைக்கும். துணைப் பாத்திரங்களுக்குக் குரல் வேண்டுமென்றால் கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வசன முடிவில் "கா" ஒட்டினால் மட்டக்களப்புத் தமிழாகிவிடும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். "கிறுகிப் பார்" என்பதைத் "திரும்பிப் பார்" ஆக்கிவிட்டு வாலை மட்டும் ஒட்டினால், அழவேண்டிய இடத்தில் தியேட்டர் சிரிக்கும்.

வெளியூர் ரசிகருக்கு விளங்காதாம். பூமணியின் 'வெக்கை' 2019இல் 'அசுரன்' ஆக வந்தபோது அந்த நெல்லைப் பேச்சுக்கு இங்கே யாரும் எழுந்து போகவில்லை. நாங்கள் விளங்கிக்கொள்ளலாம், எங்களை விளங்கிக்கொள்ள மட்டும் ஆளில்லை!

சொல்லத் தொடங்கியதால் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். மணப்பெண் வலது காலை எடுத்துவைத்து மாப்பிள்ளை வீட்டுக்குள் வருகிறாள். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். கல்யாணம் முடித்து வீடு மாறுவது மாப்பிள்ளை. நாவலின் சண்டை முழுவதும் அந்த வீடு எந்த மகளுக்கு என்பதுதானே? அவளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இடைவேளைக்குப் பிறகு எதற்காகச் சண்டை பிடிப்பார்கள்?

வயலும் அப்படித்தான். பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில்தான் வெட்டுக்கு வரும். நீங்கள் மார்கழியில் வந்து எடுத்த பச்சை வயலை, நிறத்தை மாற்றி விளைய வைத்திருக்கிறீர்கள். கதிர் ஒன்றுகூடத் தலை சாயவில்லை. வரம்பில் நின்ற கொக்கும் சேர்ந்து மஞ்சளாகிவிட்டது. நாவலில் ஒரு வரியில்கூட வராத பாசிக்குடாக் கடற்கரைக்குப் பாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள்.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கொக்கை விட்டுவிடலாம். கல்யாணத்தைத் திரும்ப எடுக்கச் செலவாகும் என்பதும் தெரியும். குரலுக்குப் படப்பிடிப்பே தேவையில்லை. வசனமும் இசையும் மற்றச் சத்தங்களும் இப்போது தனித்தனித் தடங்களில் இருக்கும். வசனத் தடத்தை மட்டும் எடுத்து மாற்றலாம். இறுதிக் கலவை முடிந்தபின் கேட்டால் "காலம் கடந்துவிட்டது" என்பீர்கள், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். அதனால்தான் இப்போதே கேட்கிறோம்: இந்த மண்ணின் குரலையே போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாதென்றால், கிழவியின் அந்த "மறுகா"வில் இருந்து தொடங்குங்கள். அவர் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
நாவலை வாசித்த மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் சிலர்