"முதல் பெண்மணி" அட்டைகளை இந்த மார்ச்சில் ஒட்டாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளின் பாடக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடக்குழுப் பொறுப்பாளர்களுக்கும், மார்ச் கண்காட்சிக்கு அட்டை எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மகளிர் வரலாற்று மாதம் வந்தால் "50 மாநிலம், 50 பெண்கள்" என்று சுவர் நிறைய சார்ட் ஒட்டும் யோசனை எந்தப் பள்ளியிலும் எழும். நல்ல யோசனைதான். கெடுவது எங்கே என்றால், அட்டையில் எழுதும் அந்த ஒற்றை வரியில். "முதல் பெண் ஆளுநர்", "முதல் பெண் விமானி", "வாக்களித்த முதல் பெண்" என்றே பெரும்பாலும் எழுதிவிடுகிறோம். "முதல் பெண்மணி" என்று எழுதிவிட்டாலோ இன்னும் குழப்பம். தமிழில் அதற்கு அதிபரின் மனைவி என்று ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கள் கோரிக்கை இதுதான்: அட்டையிலிருந்து "முதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்தப் பெண் என்ன செய்தார் என்பதை ஒரு வினைச்சொல்லோடு எழுதுங்கள். ஊரும் தேதியும் கூட வரட்டும். "முதல்" இல்லாமல் அட்டை வெறுமையாகத் தெரிந்தால், அவரைப் பற்றி நாம் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

"முதல்" ஏன் ஆபத்து என்பதற்கு வாக்குரிமையே போதும். வயோமிங் அப்போது மாநிலம்கூட இல்லை, ஆட்சிப்பகுதி. அங்கே 1869 டிசம்பர் 10இல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் வந்தது. யூட்டாவில் இரண்டு மாதம் கழித்து, 1870 பிப்ரவரி 12இல். ஆனால் யூட்டாவில் இரண்டே நாளில் நகராட்சித் தேர்தல் வந்துவிட்டது. பிப்ரவரி 14 அன்று சால்ட் லேக் சிட்டியில் செராஃப் யங் என்ற இளம் ஆசிரியை வாக்களித்தார். வயோமிங்கின் லாரமி ஊரில் லூயிசா ஸ்வெயின் வாக்களித்தது அதே ஆண்டு செப்டம்பர் 6இல்தான். சட்டத்தில் வயோமிங் முந்தியது, வாக்குப்பெட்டியில் யூட்டா முந்தியது. இரண்டு அட்டையிலும் "முதல்" என்று எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், கூர்மையான ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. அதற்கும் முன்னால், 1776 முதல் 1807 வரை நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் வாக்களித்திருக்கிறார்கள். பிறகு அந்த உரிமை பறிக்கப்பட்டது. யூட்டாப் பெண்களின் உரிமையையும் 1887இல் வாஷிங்டன் பறித்தது, 1896இல் மாநிலமானபோதுதான் திரும்பக் கிடைத்தது. கொடுத்தார்கள், பறித்தார்கள், மறுபடி வாங்கினார்கள் என்ற இந்தக் கதை "முதல்" என்ற ஒரு சொல்லில் அடங்காது.

ஆளுநர் அட்டையும் இதே கதை. வயோமிங்கின் நெல்லி டெய்லோ ராஸ், டெக்சஸின் மிரியம் ஃபெர்குசன் இருவரும் 1924 நவம்பர் 4 அன்று, ஒரே நாளில் வென்றவர்கள். ராஸ் ஜனவரி 5இல் பதவியேற்றார், ஃபெர்குசன் ஜனவரி 20இல். பதினைந்து நாள் வித்தியாசத்தை வைத்து ஒருவரை மேலே ஏற்றுவதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? ராஸின் கணவர் ஆளுநராக இருக்கும்போதே இறந்தவர், ஃபெர்குசனின் கணவர் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் என்பதைச் சொல்லுங்கள். கணவர் வழி வராமல் தன் பெயரிலேயே ஆளுநர் தேர்தலில் வென்றவர் கனெக்டிகட்டின் எல்லா கிராஸோ, 1974இல். அரை நூற்றாண்டு இடைவெளி! அந்த இடைவெளிதான் பாடம்.

செனட் அட்டையில் இன்னும் கவனம் வேண்டும். ஜார்ஜியாவின் ரெபெக்கா ஃபெல்டன் 1922இல், 87 வயதில், ஒரே ஒரு நாள் செனட்டராக இருந்தார். பட்டியல்கள் அவரைப் "முதல் பெண் செனட்டர்" என்று கொண்டாடும். அதே ஃபெல்டன் அடிமைகளை வைத்திருந்தவர், கறுப்பின ஆண்களைக் கும்பல் அடித்துக் கொல்வதை மேடையேறி ஆதரித்துப் பேசியவர். "முதல்" என்ற தகுதி மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் இவர்தான் சுவரில் சிரிப்பார். ஆர்கன்சாவின் ஹேட்டி கேரவே 1932இல் மக்கள் வாக்கில் செனட்டுக்குத் தேர்வானவர்; அவரைப் போடுங்கள்.

அடுத்த சிக்கல் எந்த மாநிலத்தில் வைப்பது என்பது. பிறந்த ஊரா, வேலை செய்த ஊரா? எங்கள் விதி: செயல் நடந்த மாநிலத்தில் வையுங்கள், பிறந்த ஊரைக் கீழே சிறிய எழுத்தில் எழுதுங்கள். ஃபிரான்செஸ் பெர்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது பாஸ்டன், குடும்ப வீடு மெய்ன், ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது நியூயார்க். 1911 மார்ச் 25இல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது அவர் நேரில் பார்த்தார். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். அதன்பின் நியூயார்க்கில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைத்தார். 1933 முதல் 1945 வரை ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் இருந்து, 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் கொண்டுவந்ததில் முன்னால் நின்றார். எனவே நியூயார்க் அட்டை. கேத்தரின் ஜான்சன் பிறந்தது மேற்கு வர்ஜீனியா, விண்கலப் பாதையைக் கணக்கிட்டது வர்ஜீனியாவில் உள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில். இவை இரண்டும் வேறு வேறு மாநிலங்கள். தமிழில் "வர்ஜீனியா" என்று சுருக்கினால் ஒன்று காணாமல் போகும்.

விமானி பெஸ்ஸி கோல்மன் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அவர் 1892இல் அட்லாண்டாவில் பிறந்தார் என்று படித்ததும் கை தானாக ஜார்ஜியாவில் ஒட்டும். அது டெக்சஸில் உள்ள அட்லாண்டா. கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் எந்தப் பறக்கும் பள்ளியும் முன்வராததால், சிகாகோவில் நகம் வெட்டி அழகுபடுத்தும் வேலை செய்தவர் பிரெஞ்சு படித்து, பிரான்ஸ் போய் 1921இல் உரிமம் வாங்கினார். இல்லினாய் அட்டையாக வைக்கலாம் (கடைசி எழுத்து ஒலிக்காது, "இல்லினாய்ஸ்" வேண்டாம்).

மொழிபெயர்ப்பில் வரும் பிழைகள் வேறு வகை. மொன்டானாவின் ஜெனட் ராங்கின் 1916இல் "காங்கிரஸுக்குத் தேர்வானார்" என்று எழுதினால், கண்காட்சிக்கு வரும் தாத்தா பாட்டிக்குக் கட்சிதான் நினைவுக்கு வரும். "அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை" என்று முழுதாக எழுதுங்கள். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது 1941 டிசம்பர் 8: ஜப்பான்மீது போர் அறிவிக்கும் வாக்கெடுப்பில் 388 பேர் ஆதரவு, எதிர்த்தது அவர் ஒருவர். பெர்கின்ஸைத் "தொழிலாளர் செயலாளர்" என்றால் சங்கப் பொறுப்பாளர் போல ஒலிக்கும், அவர் அமைச்சர். கூந்தல் பராமரிப்புப் பொருள் விற்ற மேடம் சி.ஜே. வாக்கரைக் "கோடீஸ்வரி" ஆக்குவதும் அப்படித்தான். மில்லியன் என்பது பத்து லட்சம், கோடியில் பத்தில் ஒரு பங்கு. 1919இல் அவர் இறந்தபோது சொத்து மதிப்பு சுமார் 6 லட்சம் டாலர். முடியை நேராக்கும் சூடான சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதும் தவறு. லூசியானாவில் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, பிறகு இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை கட்டி, ஆயிரக்கணக்கான பெண்களை விற்பனை முகவர்களாகப் பழக்கினார் என்பதே போதுமான சாதனை.

இனி, உண்மை போல உலவுபவை. ஹேரியட் டப்மன் 19 பயணங்களில் 300 அடிமைகளை மீட்டார் என்பது பழைய வாழ்க்கை வரலாறு ஒன்றில் ஊதிய கணக்கு. பின்வந்த ஆய்வாளர்கள் எண்ணியது ஏறத்தாழ 13 பயணம், 70 பேர். எண் குறைந்ததே என்று வருந்த வேண்டாம்: பிடிபட்டால் அடிமைத்தனத்துக்கே திரும்ப வேண்டிய ஒருவர், தப்பிவந்த மேரிலாந்துக்குள் 13 முறை திரும்பி நுழைந்தார். உள்நாட்டுப் போரின்போது, தென் கரோலினாவில் 1863 ஜூன் 2 அன்று கம்பாஹி ஆற்றில் படகுகளோடு போன ராணுவத் தாக்குதலில் வழிகாட்டி, ஒரே இரவில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலையாகக் காரணமானார். இது பெரும்பாலான அட்டைகளில் இருக்காது. அவர் சொன்னதாகப் பரவும் அழகான மேற்கோள்களையும் விட்டுவிடுங்கள். மேற்கோள் எழுதுவதானால் எந்த நாள், எந்த இடத்தில் சொன்னது என்பதும் எழுத முடிய வேண்டும், முடியாவிட்டால் எழுதாதீர்கள்.

ரோசா பார்க்ஸ் கால் வலித்து உட்கார்ந்திருந்த வயதான அம்மா அல்ல. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானபோது, அவருக்கு வயது 42. மான்ட்கோமரியில் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் கிளைச் செயலாளராகப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2இல், 15 வயது கிளாடெட் கோல்வின் இதே காரணத்துக்காகக் கைதானார். பேருந்துப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் உடைத்த வழக்கில் வாதிகள் நான்கு பெண்கள்: கோல்வின் உண்டு, பார்க்ஸ் இல்லை. அலபாமா அட்டையில் இருவரையும் வைத்தால் பதின்ம வயது மாணவிகள் நின்று படிப்பார்கள்.

நாங்கள் மாதிரியாகப் பரிந்துரைக்கும் அட்டை வர்ஜீனியாவின் பார்பரா ஜான்ஸ். ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்குக் கட்டப்பட்டது. படித்தவர்கள் 450க்கும் மேல். மிச்சப் பேருக்குத் தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகைகள். மழைக்கு ஒழுகும், அடுப்புக்குப் பக்கத்தில் வேகும், தள்ளி உட்கார்ந்தால் நடுங்கும். 1951 ஏப்ரல் 23 அன்று, 16 வயது பார்பராவின் திட்டப்படி, மாணவர்கள் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்ற பொய்யான தொலைபேசித் தகவலில் தலைமையாசிரியர் வெளியே போனார். அவர் பெயரில் வகுப்புகளுக்குச் சீட்டு போயிற்று: எல்லோரும் அரங்குக்கு வரவும். திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா. பள்ளியே வெளிநடப்புச் செய்தது. (தலைமையாசிரியரை ஏமாற்றியதைச் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். சொல்லுங்கள், அவர் வேலை போகாமல் காப்பதற்கும் அதுவே வழியாக இருந்தது.)

மாணவர்கள் உதவி கேட்ட என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞர்கள் புதுக் கட்டடம் மட்டும் கேட்டு வழக்குப் போட மறுத்தார்கள்; பிரித்துவைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். வழக்கு டேவிஸ் என்ற இன்னொரு மாணவியின் பெயரில் பதிவானது. அதனால்தான் சட்டப் புத்தகத்தில் தேடினால் பார்பரா கிடைக்க மாட்டார். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் இது ஒன்று. அதோடு சுபம் போட்டுவிடாதீர்கள். சேர்த்துப் படிக்கவைப்பதைவிட மூடுவது மேல் என்று அந்தக் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. பார்பரா பின்னாளில் நூலகர் ஆனார், 1991இல் மறைந்தார். 2025 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவர் சிலை திறக்கப்பட்டது. அதற்கு முன் வர்ஜீனியாவின் சார்பில் அங்கே நின்றது, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தென்மாநிலப் படைகளின் தளபதி ராபர்ட் ஈ. லீ.

இந்தச் சிலைகள் ஆள் தேடவும் நல்ல வழி. 1864 சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலை தரலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றவும் அனுமதித்தது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, ஆளுநர் ஒப்பி, செலவை மாநிலமே ஏற்க வேண்டும். இல்லினாய் 1905இல் மதுவிலக்குப் போராளி ஃபிரான்செஸ் வில்லர்டை நிறுத்தியது. அண்மையில் ஃபுளோரிடா கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூனையும், கான்சஸ் விமானி அமீலியா ஏர்ஹார்ட்டையும், ஆர்கன்சா கறுப்பின உரிமைப் போராளி டெய்ஸி பேட்ஸையும், யூட்டா மார்த்தா ஹியூஸ் கேனனையும் அனுப்பின. கேனன் ஒரு மருத்துவர். 1896இல் யூட்டா மாநில செனட்டுக்கு வென்றார், அதே தேர்தலில் நின்ற அவர் கணவர் தோற்றார். அட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்!

நடைமுறைக்கு வருவோம். 50 அட்டை வேண்டாம். 12 போதும், ஒரு வகுப்புக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் 60 முதல் 80 சொல். ஏ3 தாளில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதினால் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது, எனவே செயலைச் சொல்லும் வரியை மட்டும் பெரிதாக எழுதி மற்றதைக் கீழே சிறிதாக வையுங்கள். முதல் வாரம் ஆளைத் தேர்ந்து இரண்டு தனித்தனி இடங்களில் தேதியைச் சரிபார்ப்பது, இரண்டாம் வாரம் பிள்ளைகளே தமிழில் எழுதுவது, மூன்றாம் வாரம் உரக்கப் படித்துத் திருத்துவது. தேர்வையும் எழுத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தால், இணையப் பட்டியலின் வரி அப்படியே தமிழாகிச் சுவருக்கு வரும்.

நம் பிள்ளைகளுக்காக இரண்டு அட்டைகளைக் கூடுதலாகக் கேட்கிறோம். ஒன்று, கனெக்டிகட்டிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குச் சென்ற கிளேர் பூத் லூஸ். 1923 தீர்ப்பு ஒன்றால் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாமல் இருந்தது. நியூயார்க்கின் இமானுவேல் செல்லருடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த மசோதா 1946 ஜூலை 2இல் சட்டமாகி அந்தத் தடையை நீக்கியது. குடிவர ஆண்டுக்கு 100 இந்தியருக்கு மட்டும் இடம் தந்தது. 100 என்ற எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்.

இன்னொன்று ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அமெரிக்கர். பிள்ளைப் பருவத்தில் சில காலம் நெப்ராஸ்கா, பள்ளிப் படிப்பு மாசசூசெட்ஸ், 1899இல் மருத்துவப் பட்டம் நியூயார்க்கின் கார்னெலில். 1900இல் வேலூருக்குத் திரும்பி ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். செயல் நடந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற எங்கள் விதிப்படி இவருக்கு அமெரிக்க வரைபடத்தில் இடமே இல்லை. வரைபடத்துக்கு வெளியே, சுவரின் ஓரத்தில் ஒட்டி, வேலூர் என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
அட்டைகளைத் திருத்திப் பார்க்கும் சிலர்