தொட்டுபொல மலை ஏற்றம்: பெப்ரவரி 22, ஞாயிறு

வணக்கம் நண்பர்களே. இம்முறை ஒன்றுகூடல் மண்டபத்தில் இல்லை, ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில். எல்லோரும் ஓடும் ‘உலக முடிவு’ (World's End) செங்குத்துப் பாறைக்கு அல்ல. பட்டிப்பொல வாயில் பக்கமுள்ள தொட்டுபொல மலைக்கு. 2,357 மீட்டர், இலங்கையின் மூன்றாவது உயரம். ஏற்றம் சிறியது, கூட்டமும் குறைவு. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று கதை. நாம் வான் வண்டியில்தான் போகிறோம்.

1. அதிகாலை 4.30க்கு நுவரெலியா பஸ் நிலையம் முன்னால் வான் புறப்படும். யாருக்காகவும் நிற்காது. பூங்கா வாயில் 6 மணிக்குத் திறக்கும். வெயில் ஏறினால் மூடுபனி மேலே வந்துவிடும், அப்புறம் உச்சியில் நின்றாலும் வெள்ளைதான் தெரியும்.

2. பொலித்தீன் வேண்டாம். வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கழற்றுவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவாருங்கள். லன்ச் ஷீட்டில் (சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள்) சுற்றியது உள்ளே போகாது.

3. பிடிப்புள்ள சப்பாத்து, கம்பளிச் சட்டை, தொப்பி. பெப்ரவரியில் விடியற்காலை புல்லில் உறைபனி இருக்கலாம். செருப்போடு வருபவர் வானிலேயே இருக்கலாம்.

4. அடையாள அட்டை.

5. ஸ்பீக்கர், பாட்டு வேண்டாம். அந்த அமைதிக்காகத்தான் போகிறோம். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

6. முழங்கால் வலி, ஆஸ்துமா இருப்பவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். மெதுவாக ஏறலாம், அவசரமில்லை.

வருபவர்கள் 15ஆம் திகதி இரவு 8 மணிக்குள் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் இங்கே போடுங்கள். கட்டைவிரல் இமோஜி (👍) மட்டும் போட்டால் கணக்கில் எடுக்க மாட்டேன், வானுக்குச் சரியான எண்ணிக்கை வேண்டும்.