குதிரையில் ஏற்றும் முன் இடுப்பு எக்ஸ்ரே அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைக் குதிரையில் உட்கார வைத்தால் கால் நேராகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மெரினாவில் சவாரிக் குதிரையில் ஏற்றுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. குதிரைச் சிகிச்சையில் பலனும் உண்டு. ஆனால் கடற்கரைச் சவாரியில் அது கிடைக்காது, ஆபத்துதான் கிடைக்கும்.

பலன் முழுவதும் குதிரையின் நடையில் இருக்கிறது. நிதானமாக நடக்கும் குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைக்கும். ஒவ்வோர் அடிக்கும் அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசாகத் திருகியும் அசையும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் இப்படித்தான். 20 நிமிடத்தில் சுமார் 2,000 முறை, தானாக நடக்க முடியாத குழந்தையின் இடுப்பு அந்த அசைவைப் பெறுகிறது. சாயாமல் இருக்க வயிறும் முதுகும் ஓயாமல் வேலை செய்கின்றன. குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி, நம்மைவிட ஒரு டிகிரி அதிகம். கத்தரிக்கோல் போல் பின்னிக்கிடக்கும் தொடைகள் அந்தச் சூட்டில் மெல்லத் தளரும். அதற்காகவே தொடக்கத்தில் தோல் சேணம் போடாமல், கனத்த விரிப்பின்மேல் கைப்பிடி வைத்த வார் கட்டுகிறார்கள். குதிரையை ஓட விட்டால் இதில் எதுவும் மிஞ்சாது.

இந்தக் குழந்தைகள் பலருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கும். வலி இல்லாததால் வெளியே தெரியாது. அந்த நிலையில் அகன்ற முதுகுள்ள குதிரையில் காலை விரித்து உட்கார வைத்தால் மூட்டுக்கே கேடு. ஏற்றும் முன் இடுப்பு எக்ஸ்ரே கட்டாயம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கலாம்; மருத்துவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு, எளிதில் நொறுங்கும் எலும்பு, ஆறாத படுக்கைப்புண் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஒரு குழந்தைக்கு மூன்று பேர் தேவை: குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இருபுறமும் கூடவே நடக்க இருவர். இவர்களைத் தவிர, பார்த்துச் சொல்ல பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். பக்கத்தில் நடப்பவர் தன் முன்கையைக் குழந்தையின் தொடைக்குக் குறுக்கே வைத்து முன் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தால் குழந்தை அந்தப் பக்கமே சரியும். கை வலித்தால் குதிரையை நிறுத்திய பிறகே, ஒருவர் பின் ஒருவராக இடம் மாறலாம். குதிரை சுமார் 14 கை உயரம், அதாவது நாலடி எட்டங்குலம் இருந்தால் கை எட்டும். அதற்குமேல் உயரமானால் பிடி நழுவும்.

மிகவும் பயப்பட வேண்டியது, விழாமல் இருக்கட்டும் என்று துண்டாலோ துப்பட்டாவாலோ குழந்தையைச் சேணத்தோடு கட்டிவிடுவது. குதிரை இடறினால் குழந்தை அதன் அடியில் போகும். எந்த நேரமும் இரண்டு கைகளில் அள்ளி இறக்கும்படி குழந்தை இருக்க வேண்டும். சவாரி செய்பவர் கால் நுழைத்துக்கொள்ளும் அங்கவடியும் அப்படித்தான், கால் சிக்காமல் விடுபடும் வகை கிடைக்காவிட்டால் அது இல்லாமலே ஏற்றலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சவாரி பழகிய குதிரைக்கு விலாவில் கால் அழுத்தினால் 'வேகமாகப் போ' என்று பொருள். மூளை முடக்குவாதக் குழந்தையின் கால்கள் தாமாகவே இறுகும். அந்த அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் நடக்க மாதக்கணக்கில் பழக்கிய குதிரைதான் இதற்கு ஆகும். நொண்டும் குதிரையும் உதவாது. அதன் கோணல் அசைவு அப்படியே குழந்தையின் முதுகுக்கு வரும்.

போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் உதவி வேண்டியிருந்தது. அந்த அளவு கவனம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் ஒரே பக்கத்தில் ஒரு படிவம் அச்சிட்டுத் தரலாம். இடுப்பு எக்ஸ்ரே நாள், கழுத்துப் பரிசோதனை, வலிப்பு விவரம், மருத்துவர் கையொப்பம் இவ்வளவு இருந்தால் போதும். அது இல்லாமல் எந்த லாயத்திலும் குழந்தையை ஏற்றக்கூடாது என்று உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், சென்னை